அமெரிக்கக் கல்லூரியில் மாற்றுத்திறன் மாணவர் எதை, எப்போது கேட்க வேண்டும்?

அமெரிக்கப் பல்கலைக்கழகம் ஒன்றின் மாற்றுத்திறனாளிகள் சேவை அலுவலகத்தில் ஆலோசகராக இருக்கிறேன். இந்தியாவிலிருந்து வரும் மாணவர்களில் பலர் முதல் பருவத்தில் மதிப்பெண் சரிந்த பிறகே எங்கள் அலுவலகத்துக்கு வருகிறார்கள். தேர்வில் கூடுதல் நேரம் போன்ற சிறப்பு ஏற்பாடுகள் அமெரிக்கக் குடிமக்களுக்கு மட்டுமே உரியவை என்றும், வாய் திறந்தால் விசாவுக்கு ஆபத்து என்றும் யாரோ சொன்னதை நம்பியிருப்பார்கள். இரண்டும் பொய். 1973ஆம் ஆண்டு மறுவாழ்வுச் சட்டத்தின் 504ஆம் பிரிவும் ஏ.டி.ஏ. எனப்படும் 1990ஆம் ஆண்டின் அமெரிக்க மாற்றுத்திறனாளிகள் சட்டமும் மாணவரின் குடியுரிமையைப் பார்ப்பதில்லை. தேர்வில் கூடுதல் நேரம் பெறுவது குடியேற்றத் துறைக்குத் தெரிவிக்கப்படும் செய்தியும் அன்று.

ஆனால் கேட்க வேண்டியவர் மாணவரே. சேர்க்கைக்கு முன் குறைபாடு உண்டா என்று விசாரிப்பதைச் சட்டம் பொதுவாகத் தடுக்கிறது. எனவே சேர்ந்த பின்னும் யாரும் தேடி வந்து கேட்க மாட்டார்கள். எங்கள் அலுவலகத்தில் பதிவு செய்த நாளிலிருந்துதான் ஏற்பாடுகள் தொடங்கும் என்பதால், ஏற்கெனவே எழுதி முடித்த தேர்வுக்கு அவை பொதுவாக உதவா.

அடுத்த சிக்கல் சான்றிதழ். 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி நம் ஊரில் எல்லாம் குறைபாட்டின் விழுக்காட்டில் நிற்கிறது. 40 விழுக்காடும் யு.டி.ஐ.டி. எனப்படும் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும் இருந்தால் பல கதவுகள் திறக்கும். அந்த அட்டையை மட்டும் நீட்டினால் இங்கே பெரும்பாலும் போதாது. விழுக்காட்டை வைத்துக்கொண்டு, ஒரு மாணவருக்கு மூன்று மணி நேரத் தேர்வில் என்ன தடை ஏற்படுகிறது என்று எங்களால் முடிவு செய்ய இயலாது. நோயறிதல் என்ன, எப்போது, எந்தச் சோதனையால் உறுதியானது, படிப்பதையும் எழுதுவதையும் கவனம் செலுத்துவதையும் அது இன்று எப்படிப் பாதிக்கிறது, மருந்தின் பக்கவிளைவு என்ன, எந்த ஏற்பாடு தேவை என்பவற்றை விளக்கும் ஆங்கிலக் கடிதத்தை மருத்துவரிடம் புறப்படும் முன்பே வாங்கிக்கொள்ள வேண்டும். டிஸ்லெக்சியா (வாசிப்பதில் சிரமம்), ஏ.டி.ஹெச்.டி. (கவனக்குறைவு, மிகைச்செயல்பாடு) போன்றவற்றுக்குப் பள்ளிக் காலத்தில் எடுத்த பழைய அறிக்கையைப் பல கல்லூரிகள் ஏற்பதில்லை. இங்கு வந்து புதிதாகச் சோதனை செய்தால் செலவு ஆயிரக்கணக்கான டாலர்களைத் தொடக்கூடும்.

மிகுந்த கவனம் தேவைப்படும் இடம் பாடச் சுமை. எஃப்-1 எனப்படும் மாணவர் விசாவில் இளநிலை மாணவர் பருவத்துக்குக் குறைந்தது 12 கிரெடிட் (பாடச் சுமையை அளக்கும் அலகு) படிக்க வேண்டும். மனச்சோர்வு முற்றிய நிலையில் ஒரு பாடத்தைக் கைவிடுமாறு பேராசிரியரோ எங்கள் அலுவலகமோகூட நல்லெண்ணத்தில் சொல்லலாம்; அதைக் கேட்டு, பன்னாட்டு மாணவர் அலுவலகத்தின் டி.எஸ்.ஓ. எனப்படும் அதிகாரியின் அனுமதி இல்லாமல் மாணவர் பாடத்தை விட்டுவிட்டால் விசா நிலையே முறிந்துபோகும். உரிமம் பெற்ற மருத்துவர் அல்லது உளவியலாளரின் கடிதத்தோடு முன்கூட்டியே கேட்டால், ஒவ்வொரு பட்டப்படிப்பு நிலையிலும் மொத்தம் 12 மாதங்கள் வரை சுமையைக் குறைத்துக்கொள்ள விதி இடம் தருகிறது. தேவைப்பட்டால் ஒரு பாடமும் எடுக்காமல்கூட இருக்கலாம். இந்த அனுமதியைப் பருவந்தோறும் புதுப்பிக்க வேண்டும். ஆகவே எங்கள் அலுவலகத்தில் பேசிய அன்றே, எதையும் கைவிடும் முன்னர், டி.எஸ்.ஓ.வையும் பார்த்துவிடுங்கள்.

கல்லூரி தராதவையும் உண்டு. சைகைமொழி பெயர்ப்பாளர், பிரெயில் நூல், வகுப்பில் பேசுவதை உடனுக்குடன் திரையில் எழுத்தாகத் தரும் எழுத்தாக்கம் ஆகியவற்றுக்குக் கட்டணம் இல்லை; சக்கர நாற்காலி, காதொலிக் கருவி, குளிக்கவும் உடுத்தவும் துணைநிற்கும் உதவியாளர் ஆகியவை மாணவரின் சொந்தச் செலவு. வீட்டில் அம்மாவோ அண்ணனோ செய்துவந்த உதவிக்கு இங்கே மணிக் கணக்கில் டாலர் கொடுக்க வேண்டியிருக்கும் என்பதைக் கல்விக்கடனுக்கு விண்ணப்பிக்கும்போதே கணக்கில் சேர்ப்பது நல்லது. செவித்திறன் குறைந்தோர் இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: இங்குள்ள பெயர்ப்பாளர்கள் பயன்படுத்துவது அமெரிக்கச் சைகைமொழி; இந்தியச் சைகைமொழி மட்டும் அறிந்தவருக்கு அது புரியாது என்பதால், தொடக்கத்தில் எழுத்தாக்கத்தைக் கேட்பதே பயன்தரும்.

பெற்றோருக்கு ஒரு செய்தி. கல்லூரியில் சேர்ந்தபின், கல்விப் பதிவேடுகள் மீதான உரிமை மாணவருடையது. பிள்ளை எழுத்து மூலம் ஒப்புதல் தராதவரை, சென்னையிலிருந்து நீங்கள் நள்ளிரவில் அழைத்தாலும் அவர் எங்களிடம் பதிவு செய்திருக்கிறாரா என்பதைக்கூட நாங்கள் சொல்ல மாட்டோம். ஒப்புதல் படிவத்தில் கையெழுத்திடுவதா வேண்டாமா என்பதை விமானம் ஏறும் முன்பே இருவரும் பேசிக்கொள்ளுங்கள்.