ரஷ்யாவுக்குத் தடை என்றால் காரைக்குடி வங்கி ஏன் கேள்வி கேட்கிறது?

ஆத்தங்குடிக் கல்லோ கண்டாங்கிச் சேலையோ வெளிநாட்டுக்கு அனுப்புகிறீர்கள். பணம் வருகிற நேரத்தில் வங்கி நிறுத்தி, "வாங்குபவர் யார், சரக்கு கடைசியில் எங்கே போகிறது?" என்று கேட்கிறது. சேலைக்கும் போருக்கும் என்ன சம்பந்தம்? சிக்கல் பெரும்பாலும் சரக்கில் இல்லை, பணம் வரும் வழியில்.

முதலில் சட்டம். ஐ.நா. பாதுகாப்பு மன்றம் விதிக்கும் தடை இந்தியாவைக் கட்டுப்படுத்தும். அதை நிறைவேற்ற 1947லேயே சட்டம் போட்டாயிற்று. 1990 ஆகஸ்ட் 2 அன்று ஈராக் குவைத்துக்குள் புகுந்தது. நான்கே நாளில் எல்லா நாடுகளுக்கும் பொருந்தும் வணிகத் தடை வந்தது. 2022இல் உக்ரைன் மீது படையெடுத்த ரஷ்யாவின் கையிலோ மன்றத்தின் தீர்மானத்தைத் தடுக்கும் ரத்து அதிகாரம் (வீட்டோ) இருந்தது. அதனால் அமெரிக்காவும் ஐரோப்பிய ஒன்றியமும் பிரிட்டனும் தனித்தனித் தடைப் பட்டியல் போட்டன. அவை நம் நாட்டுச் சட்டம் அல்ல.

அப்புறம் வங்கி ஏன் பயப்படுகிறது? செட்டிநாட்டுக்காரர்களுக்கு இது எளிதில் புரியும். ரங்கூன் கடையில் எழுதிய உண்டியலை, அதாவது பணம் கொடுக்கச் சொல்லும் சீட்டை, இன்னொரு கடை மதித்துப் பணம் கொடுக்கும் வரைதான் அதற்கு உயிர். இன்றைய டாலரும் பெரும்பாலும் ஏதாவது ஓர் அமெரிக்க வங்கியின் கணக்கு வழியாகத்தான் வரும். அமெரிக்கத் தடையை மீறியதாக அந்தக் கணக்கை மூடிவிட்டால் நம் வங்கிக்கு டாலர் தொழிலே இல்லை.

தடையும் ஒரே மாதிரி நிற்கவில்லை. 2022 தொடக்கத்தில் ரஷ்ய மத்திய வங்கியின் சுமார் 300 பில்லியன் டாலர் முடக்கப்பட்டது. சில ரஷ்ய வங்கிகள் ஸ்விஃப்டிலிருந்து, அதாவது நாடுகளுக்கிடையே வங்கிகள் பணத் தகவல் அனுப்பும் வலையமைப்பிலிருந்து, நீக்கப்பட்டன. அந்த டிசம்பரில் எண்ணெய்க்கு உச்சவிலை: பீப்பாய் 60 டாலருக்கு மேல் விற்றால் மேற்கத்தியக் காப்பீடு கிடையாது என்றார்கள். ரஷ்யா பழைய கப்பல்களை வாங்கிக் கொடி மாற்றி ஓட்டியது. சரி என்று கப்பல்களையே பெயர் சொல்லிப் பட்டியலில் சேர்த்தார்கள். 2023 டிசம்பரில்தான் பெரிய திருப்பம்: ரஷ்யப் போர்த்தொழிலுக்குப் பணம் கைமாற்றும் வெளிநாட்டு வங்கிகளையும் தண்டிப்போம் என்றது அமெரிக்கா. 2025 ஜூலையில் குஜராத்தின் வாடினார் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலையை நடத்தும், ரஷ்யப் பங்குள்ள நயாரா நிறுவனம் ஐரோப்பியப் பட்டியலில் ஏறியது.

ரஷ்யாவுக்கே அனுப்புகிறவர்களுக்கு ரூபாயில் பணம் பெறும் ஏற்பாட்டை 2022 ஜூலையில் ரிசர்வ் வங்கி தந்தது. ஆனால் எதிர்த்தரப்பு வங்கி பட்டியலில் உள்ளதா என்று ஆர்டர் எடுக்கும் முன்பே கேளுங்கள். வாங்கும் நிறுவனத்தின் பெயர் பட்டியலில் இல்லாவிட்டாலும், பட்டியலில் உள்ளவர்களுக்கு அதில் 50 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இருந்தால் அமெரிக்க விதிப்படி அதற்கும் தடைதான். பெயர் ஒற்றுமையால் மட்டும் பணம் நின்றிருந்தால், வாங்குபவரின் நிறுவனப் பதிவு எண்ணையும் முழு முகவரியையும் வங்கிக்கு எழுத்தில் கொடுங்கள்.