பச்சை மஞ்சள் வயரைச் சுருட்டாதீர்கள்

தென்னாப்பிரிக்காவில் ஜோகன்னஸ்பர்க் பக்கத்திலிருக்கும் எங்கள் லெனேசியாவில், கோடை தொடங்கும் அக்டோபர் பிறந்துவிட்டால் சாயங்காலம் நாலு மணிக்குக் கண் தானாக வானத்துக்குப் போகும். கடல்மட்டத்திலிருந்து 1,500 மீட்டருக்கும் மேலே இருக்கும் இந்த ஹைவெல்ட் மேட்டுநிலத்தில் கோடை என்றால் இடியும் மின்னலும்தான்.

போன கோடையில் அப்படி ஒரு மழையில் மாமா வீட்டு ப்ரீபெய்டு கரண்ட் மீட்டர் செத்துப்போனது. பணம் கட்டி வாங்கிய 20 இலக்க டோக்கன் எண்ணை எத்தனை தடவை அடித்தாலும் திரை இருட்டுதான். "எர்த் ராடு இருக்கு, சர்ஜ் அரெஸ்டரும் போட்டாச்சு, அப்புறம் எப்படி?" என்று மாமாவுக்கு ஆத்திரம். எர்த் ராடு என்பது வீட்டு எர்த் வயரை மண்ணோடு இணைக்கும் உலோகக் கம்பி; சர்ஜ் அரெஸ்டர் என்பது திடீரென்று எகிறும் வோல்ட்டிலிருந்து காக்கப் போர்டில் மாட்டும் கருவி. நியாயமான கேள்வி.

எர்த் என்றால் மின்னலை மண்ணுக்குள் அனுப்பிவிடும் வடிகால் என்று நினைக்கிறோம். பாதிதான் சரி. பக்கத்தில் எங்கோ இடி விழுந்து, அதில் ஒரு பங்காக 3,000 ஆம்பியர் நம் எர்த் ராடு வழியே இறங்குகிறது என்று வையுங்கள். ராடுக்கும் மண்ணுக்கும் இடையே மின்தடை 10 ஓம் என்றால், அந்தக் கணம் ராடு 30,000 வோல்ட்டுக்கு ஏறிவிடும். எர்த் என்றால் சுழி வோல்ட் என்பது அந்த நேரத்தில் செல்லாது. குளிர்காலம் முழுக்க மழையில்லாமல் காய்ந்த மண்ணில் மின்தடை இன்னும் கூடும். அதனால் பருவத்தின் முதல் இடிமழையை நான் நம்புவதே இல்லை.

சரி, 30,000 வோல்ட்டில் மீட்டர் எப்படிப் பிழைக்கும்? கரண்ட் கம்பியில் உட்காரும் காக்கை பிழைப்பது போலத்தான். மீட்டரைத் தொடும் எல்லா வயரும் சேர்ந்தே ஏறி, சேர்ந்தே இறங்கினால் அதற்குள் ஒன்றும் பாயாது. அரெஸ்டரின் வேலை இதுதான். அதற்குள் இருக்கும் துத்தநாக ஆக்சைடு வில்லை 230 வோல்ட்டுக்கு அசையாது. வோல்ட் எகிறினால் சட்டென்று வழிவிட்டு லைனையும் எர்த்தையும் ஏறக்குறைய ஒன்றாகக் கட்டிவிடும். டிஷ் ஆண்டெனாவுக்கென்று தனி ராடு அடித்து, அதை வீட்டு எர்த்தோடு இணைக்காமல் விடுவது ஏன் தப்பு என்பதும் இதில் புரியும்: ஒரே வீட்டில் இரண்டு எர்த், இரண்டு வேறு வோல்ட்.

மாமா வீட்டில் கோளாறு வேறு இடத்தில். போர்டைத் திறந்த எலக்ட்ரீஷியன் நண்பர் அரெஸ்டரிலிருந்து, எர்த் வயர்கள் எல்லாம் சேரும் உலோகக் கட்டைக்குப் போகும் பச்சை மஞ்சள் வயரைக் காட்டினார். இரண்டு மீட்டர் நீளம் இருக்கும். மிச்சத்தை வெட்ட மனமில்லாமல் யாரோ அழகாகச் சுருட்டி, டேப் போட்டுக் கட்டியிருந்தார்கள்.

அதில் என்ன தப்பு? மின்னலின் வேகத்தில்தான் விடை இருக்கிறது. 1930களில் ஷோன்லாண்ட் என்ற தென்னாப்பிரிக்க இயற்பியலாளர், லென்ஸ் சுழலும் கேமராவால் மின்னலைப் படமெடுத்து, அது படிப்படியாக இறங்குவதைக் காட்டினார். அதன் கடைசிப் படி தரையைத் தொட்டதும் பெரிய மின்னோட்டம் கிளம்பும். ஒரு நொடியின் பத்து லட்சத்தில் சில பங்குக்குள் உச்சிக்குப் போய்விடும். இவ்வளவு வேகமான மாற்றத்தை வயரின் தூண்டல், அதாவது மின்னோட்டம் மாறுவதை எதிர்க்கும் குணம், தடுக்கும். தடிமனாகப் போட்டாலும் பெரிதாகக் குறையாது, நீளம்தான் கணக்கு. நேரான வயரில் ஒரு மீட்டர் நீளத்துக்கு ஏறக்குறைய ஒரு மைக்ரோஹென்றி (தூண்டலை அளக்கும் அலகு). ஒரு மைக்ரோநொடியில் 3,000 ஆம்பியர் ஏறினால் ஒவ்வொரு மீட்டர் நீளத்திலும் 3,000 வோல்ட் நிற்கும். இரண்டு மீட்டர் நீளத்தில் 6,000. சுருட்டினால் இன்னும் மோசம், ஏனென்றால் சுருள் தூண்டலைக் கூட்டிவிடும். அரெஸ்டர் தன் வேலையை ஒழுங்காகத்தான் செய்திருக்கிறது. வயரில் நின்ற வோல்ட் முழுவதும் மீட்டர் தலையில் விழுந்திருக்கிறது.

இப்போது அந்த இடத்தில் ஒரு சாண் வயர் நேராகப் போகிறது. வெட்டிய மிச்சத்தை மாமா கராஜில் ஆணியில் மாட்டி வைத்திருக்கிறார், சுருட்டி.