ஸ்லாப்ஸ்டிக்: பொய்யாய் அடிக்கும் மட்டை

வாழைப்பழத் தோலில் வழுக்கி விழுவது, தலையில் வாணலி வந்து இறங்குவது, கதவில் மூக்கு நசுங்குவது. இப்படிப்பட்ட காட்சிகளைத் திரை விமர்சனங்களில் ‘ஸ்லாப்ஸ்டிக் காமெடி’ என்று எழுதிவிட்டுப் போகிறோம். ஆனால் அந்தச் சொல் முதலில் குறித்தது கையில் பிடிக்கும் ஒரு மட்டையை.

16ஆம் நூற்றாண்டு இத்தாலியில் முகமூடி போட்டுக்கொண்டு ஊர் ஊராய் ஆடிய நாடகக் குழுக்கள் இருந்தன. அந்த நாடக வகைக்கு கொமேதியா தெல்லார்த்தே என்று பெயர். அதில் வரும் குறும்புக்கார வேலைக்காரன் அர்லெக்கினோவின் கையில் எப்போதும் ஒரு மட்டை இருக்கும். இத்தாலியர் அதை பட்டாக்கியோ என்றார்கள். மெல்லிய இரண்டு பலகைகளைக் கைப்பிடிப் பக்கம் சேர்த்து, மற்றபடி நடுவே சின்ன இடைவெளி விட்டிருப்பார்கள். ஓங்கி ஒன்று போட்டால் பலகைகள் தமக்குள் மோதிப் ‘பட்’டென்று சத்தம் எழும்பும். கடைசி வரிசைக்கும் கேட்கும். வாங்கியவனுக்கோ தட்டிக்கொடுத்தது போலத்தான் இருக்கும்.

ஆங்கிலத்தில் ஸ்லாப் என்றால் அறை, ஸ்டிக் என்றால் கழி. 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அமெரிக்க மேடைகளில் மட்டைக்கு வழங்கிய இந்தப் பெயர், சில காலத்திலேயே அந்த நகைச்சுவைக்கும் ஆகிவந்தது. ‘யாழ் கேட்டு மகிழ்ந்தாள்’ என்று பள்ளியில் படித்தோமே, அதே கருவியாகுபெயர். மட்டையும் இன்னும் ஓய்ந்துவிடவில்லை. இசைக்குழுக்களில் தாளக்கருவியாக இருக்கிறது. பிரெஞ்சு இசையமைப்பாளர் ரவேலின் ஜி மேஜர் பியானோ கச்சேரி இசை தொடங்குவதே அதன் ஒரு வீச்சில்தான்.

ஊமைப்படக் காலத்தில் விழுந்து புரண்ட நடிகர்களுக்கு நிஜமாகவே காயம் பட்டது. கார்ட்டூனில் அந்தக் கவலை இல்லை. இயக்குநர்கள் ஹன்னாவும் பார்பெராவும் ஹாலிவுட்டின் எம்ஜிஎம் நிறுவனத்துக்காக 1940இல் தொடங்கிய டாம் அண்ட் ஜெரியில் பூனை தட்டையாகும், துண்டுதுண்டாகும், அடுத்த நொடி பழையபடி ஓடும். மட்டையின் தந்திரத்தை இதைவிட முழுமையாகப் பயன்படுத்திய கலை வேறில்லை என்பேன். ஏழு ஆஸ்கர் சும்மா வரவில்லை.

அதே படங்களில் இன்னொன்றும் உண்டு. வெடி வெடித்துப் புகை அடங்கும்போது சில காட்சிகளில் டாமின் முகம் கரிபூசி, உதடு தடித்து நிற்கும். இது 1830களிலிருந்து அமெரிக்காவில் பரவிய மின்ஸ்ட்ரல் ஆட்டத்தின் எச்சம். வெள்ளை நடிகர்கள் தக்கையைச் சுட்டுக் கருக்கி முகத்தில் பூசிக்கொண்டு, கறுப்பின மக்களுக்குப் பழிப்புக் காட்டிய ஆட்டம் அது. வீட்டு வேலைக்காரியாக வரும் மேமி டூ ஷூஸ் என்ற கறுப்பினப் பெண்ணும் அப்படியொரு அச்சில் வார்த்த உருவம்தான். பெரும்பாலும் முகமே காட்டமாட்டார்கள். பருத்த உடம்பும் செருப்புக் கால்களும் அதட்டலும் மட்டும். குரல் கொடுத்தவர் லில்லியன் ராண்டால்ஃப். 1952க்குப் பிறகு அந்தப் பாத்திரம் வரவில்லை. 1960களில் தொலைக்காட்சிக்காகச் சில பழைய படங்களில் மேமியை நீக்கி வெள்ளைப் பெண்ணை வரைந்தார்கள், குரலும் மாறியது. (நம் படங்களிலும் உதையோடு நிறக்கேலி சேர்ந்தே வந்திருக்கிறது என்பதால் ரொம்பவும் நிமிர்ந்து உட்கார வேண்டாம்.)

இந்தக் கரிமுகக் காட்சியையும் ‘ஸ்லாப்ஸ்டிக்’ என்ற கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். எனக்கு உடன்பாடில்லை. பலகைகளுக்கு நடுவே இருந்த இடைவெளி இங்கே இல்லை. பூனைக்கு வலிக்காது, யாருடைய சாயலை அதன் முகத்தில் பூசினார்களோ அவர்களுக்கு வலிக்கும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? ‘அடிதடி நகைச்சுவை’ என்கிறார்கள். அடிதடி நமக்குக் காவல் நிலையம் வரை போகும் விவகாரம், பொருந்தவில்லை. ‘கோமாளித்தனம்’ மிக அகலம். ‘கேலிக்கூத்து’ அரசியல் வசவாகித் தேய்ந்துவிட்டது. பொய்க்கால் குதிரை என்று ஓர் ஆட்டத்துக்கே பெயர் வைத்த மொழி நம்முடையது. அந்த வழியில் ‘பொய்யடி’ என்பேன்: பொய்யடி நகைச்சுவை, பொய்யடி மட்டை. அகராதியில் தேடாதீர்கள், நானாகச் சேர்த்த சொல்தான். கரிமுகக் காட்சிக்கு ‘இனக்கேலி’ என்று தனியாகவே ஒரு சொல் போதும். டாம் அண்ட் ஜெரியைப் பற்றி எழுதினால், ‘பொய்யடி நகைச்சுவைப் படம், சில காட்சிகளில் இனக்கேலி உண்டு’ என்று இரண்டையும் எழுதலாம்.