இரண்டு உலோகப் பந்தும் ஓர் இருபடிச் சமன்பாடும்

ஒரே அளவுள்ள இரண்டு சின்ன உலோகப் பந்துகள். மையத்துக்கு மையம் 30 சென்டிமீட்டர் இடைவெளி. இரண்டிலும் மின்னூட்டம் இருக்கிறது. எவ்வளவு என்று தெரியாது. ஒன்றையொன்று 1.2 நியூட்டன் விசையோடு இழுக்கின்றன. இரண்டையும் ஒருமுறை தொடவிட்டு, பழையபடி அதே இடைவெளியில் வைத்தால் 0.4 நியூட்டன் விசையோடு விலக்குகின்றன. தொடுவதற்கு முன் எதில் எவ்வளவு மின்னூட்டம் இருந்தது?

பிளஸ் டூ மாணவர்கள் பலர் இதைப் பார்த்ததும் கூலூம் விதியை (விசை = மாறிலி × இரு மின்னூட்டங்களின் பெருக்கற்பலன் ÷ இடைவெளியின் வர்க்கம்) எழுதி, 9 × 10⁹ என்ற மாறிலியைப் போட்டு, அடுக்குகளோடு மல்லுக்கட்டத் தொடங்கிவிடுவார்கள். அந்த மல்லுக்கட்டை ஒரே தடவையில் முடித்துவிடலாம். மாறிலியை இடைவெளியின் வர்க்கமான 0.09-ஆல் வகுத்தால் 10¹¹. மின்னூட்டத்தை மைக்ரோகூலூமில், அதாவது கூலூம் என்ற அலகின் பத்து லட்சத்தில் ஒரு பங்கில், அளந்தால், இரண்டின் பெருக்கற்பலனோடு 10⁻¹² ஒட்டிக்கொண்டு வரும். ஆக, இந்த 30 சென்டிமீட்டருக்கு மட்டும் விதி இப்படிச் சுருங்குகிறது: விசை என்பது பெருக்கற்பலனில் பத்தில் ஒரு பங்கு. இனி அடுக்குகளுக்கு வேலை இல்லை.

முதல் விசை 1.2. ஆகவே பெருக்கற்பலனின் அளவு 12. இழுக்கின்றன என்பதால் ஒன்று நேர், மற்றது எதிர், எனவே −12. இந்தக் கழித்தல் குறி 1.2 என்ற எண்ணிலிருந்து வரவில்லை, ‘இழுக்கின்றன’ என்ற சொல்லிலிருந்து வந்தது.

தொட்டபோது நேரும் எதிரும் ஒன்றையொன்று தின்றது போக, மீதியைப் பந்துகள் பங்கு போட்டுக்கொள்கின்றன. அளவு ஒன்றே என்பதால் சரிபாதி. கேள்வியில் ‘ஒரே அளவுள்ள’ என்று போட்டிருப்பது இதற்காகத்தான். அந்தச் சொல் இல்லாவிட்டால் கணக்கு நகராது. இப்போது விசை 0.4, ஆகவே ஒவ்வொன்றின் மின்னூட்டத்தின் வர்க்கம் 4, மின்னூட்டம் 2. மொத்தம் 4.

கூட்டினால் 4, பெருக்கினால் −12. அப்படி இரண்டு எண்கள் எவை? அ² − 4அ − 12 = 0 என்று எழுதிக் காரணிப்படுத்தினால் 6, −2. ஒரு பந்தில் 6 மைக்ரோகூலூம், இன்னொன்றில் −2.

ஆனால் வர்க்கம் 4 ஆவதற்கு −2-ம் பொருந்துமே! அப்படி எடுத்தால் மொத்தம் −4. விடை −6, 2. இதுவும் சரிதான். விசையை மட்டும் அளந்து இந்த இரண்டில் எது உண்மை என்று யாராலும் சொல்ல முடியாது. பட்டில் தேய்த்த கண்ணாடித் தண்டைப் போல நேர் மின்னூட்டம் உள்ளது என்று தெரிந்த ஒரு பொருளைப் பக்கத்தில் கொண்டுவந்தால்தான் தெரியும். உலகத்தில் உள்ள எல்லா மின்னூட்டத்தின் குறியையும் ஒரே நேரத்தில் மாற்றினாலும் இந்த விசைகளில் ஒரு துளி மாற்றம் இராது.

தொட்டுப் பங்கு போடும் உத்தி பாடப்புத்தகக்காரர்கள் கண்டுபிடித்ததல்ல. பிரெஞ்சு ராணுவப் பொறியாளர் சார்லஸ் கூலூம் 1785-ல் தம் முறுக்குத் தராசில் செய்ததே அதுதான். மெல்லிய வெள்ளிக் கம்பியில் தொங்கும் கோலின் முனையில் ஒரு நெட்டிப் பந்து. அதைத் தொட்டபடி அசையாத இன்னொரு பந்து. மின்னூட்டம் கொடுத்ததும் இரண்டும் பங்கிட்டுக்கொண்டு விலகும். கம்பி எவ்வளவு முறுக்கிக்கொள்கிறதோ அவ்வளவு விசை. பந்துகள் 36 பாகை விலகி நின்றபோது முறுக்கு 36 பாகை. பாதியாக, 18 பாகைக்கு நெருக்க 144 பாகை முறுக்கு வேண்டியிருந்தது, நான்கு மடங்கு. 8.5 பாகைக்கு நெருக்க 575.5. பதினாறு மடங்கென்றால் 576. இந்தப் பொருத்தத்தைப் பார்த்து அசந்துவிட வேண்டாம்: கால்வாசி என்றால் 9 பாகை, அவருக்குக் கிடைத்தது 8.5. காற்றில் மின்னூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கசிந்துகொண்டேதான் இருக்கும்.

கசிவு என்றதும் ஒன்று சொல்ல வேண்டும். மேலே போட்ட கணக்கைச் சோதனைக்கூடத்தில் செய்துபார்க்க முடியாது. காற்று மீட்டருக்குச் சுமார் 30 லட்சம் வோல்ட் வரைதான் தாங்கும். அதைத் தாண்டினால் மின்பொறி பறக்கும். 6 மைக்ரோகூலூமைப் பொறி பறக்காமல் வைத்திருக்கப் பந்தின் ஆரமே 13 சென்டிமீட்டருக்கு மேல் இருக்க வேண்டும். ‘சின்னப் பந்து’ என்பது தாளில் மட்டும் சாத்தியம். கூலூம் அவ்வளவு மெல்லிய கம்பியைத் தேடிப் போனதன் காரணமும் இதுதான்: நிஜப் பந்துகளின் விசை அத்தனை சிறியது.

இன்னொரு கணக்கு. 4 மைக்ரோகூலூம் ஓரிடத்தில், அதற்கு வலப்பக்கம் 30 சென்டிமீட்டரில் 1 மைக்ரோகூலூம். இரண்டும் நேர், இரண்டும் அசையாதவை. மூன்றாவது மின்னூட்டம் ஒன்றை எங்கே வைத்தால் அதன் மேல் மொத்த விசை பூச்சியமாகும்?

பெரியதிலிருந்து அ தூரத்தில் என்று வைத்துக்கொள்வோம். இரு விசைகளும் அளவில் சமமாக வேண்டும்:

4/அ² = 1/(30 − அ)²

மூன்றாவது மின்னூட்டமும் மாறிலியும் இருபுறமும் அடிபட்டுப் போய்விட்டன. அது நேரா எதிரா, பெரியதா சிறியதா என்பது இங்கே பொருட்டே இல்லை. வர்க்கமூலம் எடுத்தால் 2/அ = 1/(30 − அ); அ = 20. வர்க்கமூலத்துக்கு எதிர்க்குறியும் உண்டு; அதை எடுத்தால் அ = 60.

60-ஐ அடித்துவிட்டு 20-ஐ மட்டும் எழுதச் சொல்வார்கள். ஏன் என்பதற்குப் படம் வரைய வேண்டும். 60 என்பது சின்ன மின்னூட்டத்தைத் தாண்டி வலப்பக்கம். அங்கேயும் இரு விசைகள் அளவில் சமம்தான், ஆனால் இரண்டும் ஒரே பக்கம் தள்ளும். தூரத்தை வர்க்கப்படுத்தியபோதே திசை தொலைந்துபோனதால், சமன்பாட்டுக்கு இந்த வித்தியாசம் தெரியாது.

சின்ன மின்னூட்டத்தை −1 ஆக்கிப் பாருங்கள். அளவுகளை மட்டும் வைத்து எழுதும் சமன்பாட்டில் ஓர் எழுத்துகூட மாறாது, அதே 20-ம் 60-ம் வரும். இந்த முறை 20-ல் இரண்டும் ஒரே பக்கம் தள்ளும்; விடை 60.