ஃபாக் என்றால் மூடுபனி: ஒரு சொல் விளக்கம்

2025 ஜனவரி 21-ஆம் தேதி, மெக்சிகோ வளைகுடாப் பக்கம் இருக்கும் அமெரிக்காவின் நியூ ஆர்லியன்ஸ் நகரத்தில் சுமார் 20 செ.மீ. உயரத்துக்குப் பனி கொட்டிக் கிடந்தது. அதே கரையோரத்தில் ஒவ்வொரு குளிர்காலத்திலும் பல நாள் விடியற்காலையில் பனியால் சாலை கண்ணுக்குத் தெரியாமல் போகிறது. இந்த இரண்டு வாக்கியங்களிலும் 'பனி' என்றுதான் எழுதியிருக்கிறேன். ஆனால் முதலாவது ஸ்னோ, இரண்டாவது ஃபாக். முன்னது வானத்திலிருந்து விழுந்து தரையில் குவிகிறது. பின்னது எங்கிருந்தும் விழுவதில்லை, காற்றிலேயே மிதக்கிறது. ஒன்றில் வண்டி சறுக்கும், மற்றதில் எதிரே வரும் வண்டி தெரியாது. வானிலை எச்சரிக்கையைப் படிக்கிறவர் எதற்குத் தயாராக வேண்டும் என்பது அந்த ஒரு சொல்லில்தான் இருக்கிறது. அதனால்தான் ஃபாக் என்பதற்கு வெறும் பனி போதாது, மூடுபனி என்றே எழுத வேண்டும் என்கிறேன்.

முதலில் பொருளைப் பார்த்துவிடலாம். ஃபாக் என்பது தரையைத் தொட்டுக்கொண்டு நிற்கும் மேகம்தான். காற்றில் இருக்கும் நீராவி குளிர்ந்து, கண்ணுக்குத் தெரியாத தூசி, உப்புத் துகள்களின் மேல் நீர்த்துளியாகப் படிகிறது. ஒரு துளியின் குறுக்களவு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு அல்லது அதற்குச் சற்று முன்பின் இருக்கும். அவ்வளவு சிறியதால் கீழே விழாமல் மிதக்கிறது. ஒரு கன மீட்டர் மூடுபனியில் உள்ள நீரையெல்லாம் திரட்டினால் பெரும்பாலும் அரை கிராம்கூடத் தேறாது. அந்தச் சொற்ப நீர், கோடிக்கணக்கான துளிகளாகச் சிதறி நிற்பதால்தான் ஒளியை எல்லாப் பக்கமும் சிதறடித்துக் கண்ணை மறைக்கிறது.

வானிலைக்காரர்களுக்கு இதில் ஓர் எல்லைக்கோடு உண்டு. பார்வைத் தொலைவு 1 கிலோமீட்டருக்குக் கீழே இறங்கினால் அது ஃபாக். 1 கிலோமீட்டரோ அதற்கு மேலோ தெரிந்தால் அது மிஸ்ட். இரண்டும் ஒரே நீர்த்துளிகள், அடர்த்திதான் வேறு. இந்திய வானிலை ஆய்வுத் துறை ஃபாக்கையே இன்னும் பிரிக்கிறது: 500 மீட்டருக்கு மேல் தெரிந்தால் லேசானது, 200 முதல் 500 வரை என்றால் மிதமானது, 50 முதல் 200 வரை என்றால் அடர்த்தியானது, 50-க்கும் கீழே போனால் மிக அடர்த்தியானது. அமெரிக்காவில் பார்வை கால் மைல், அதாவது ஏறக்குறைய 400 மீட்டருக்குக் குறையும் என்றால் அடர் மூடுபனி அறிவிப்பு வருகிறது.

இனி சொல்லின் பிறப்பு. ஆங்கிலத்தில் ஃபாக் என்ற சொல் வானிலைக்கு வந்தது 16-ஆம் நூற்றாண்டில்தான். அதற்கு முன்பே அதே ஒலிப்பில் ஒரு சொல் அங்கே இருந்தது. அறுவடைக்குப் பின் வளர்ந்து, குளிர்காலம் முழுவதும் வெட்டப்படாமல் நிற்கும் புல்லுக்கு அந்தப் பெயர். அந்தப் புல் நிற்கும் சதுப்பு நிலத்தைக் குறித்த பெயரடை, பிறகு கலங்கிய, தடித்த காற்றுக்கு ஆகி, அதிலிருந்து ஃபாக் பிறந்தது என்பது ஒரு கருத்து. டேனிஷ் மொழியில் தெறிக்கும் சாரலையும் காற்றில் அள்ளிவரும் பனியையும் குறிக்கும் ஒரு சொல்லிலிருந்து வந்தது என்பது இன்னொரு கருத்து. முடிவான தீர்ப்பு இல்லை.

மிஸ்ட் கதை இதைவிட எனக்குப் பிடிக்கும். அது மிகப் பழைய சொல். சமஸ்கிருதத்தில் மூடுபனியைக் குறிக்கும் 'மிஹ்', மேகத்தைக் குறிக்கும் 'மேக' ஆகியவையும் அதுவும் ஒரே வேரில் கிளைத்தவை. அந்த 'மேக' தமிழுக்கு வந்து மேகம் ஆனது. ஆக, மிஸ்ட்டும் நாம் தினமும் சொல்லும் மேகமும் தூரத்து உறவுக்காரர்கள்.

தமிழ்ப் 'பனி'யின் வழி வேறு. இன்றைக்குப் பனி என்றதும் நமக்குத் தோன்றுவது குளிர்ந்த ஈரம். பழைய தமிழில் அதே வேர் நடுக்கத்தையும் குறித்தது. பனித்தல் என்றால் நடுங்குதல். நெடுநல்வாடை 'வையகம் பனிப்ப' என்று தொடங்குகிறது. புதுமழையின் குளிரில் உலகமே நடுங்குகிறது என்பது பொருள். குளிரும் குளிரால் வரும் நடுக்கமும் ஒரே சொல்லில் அடங்கியிருக்கின்றன. மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல் என்பது இங்கே சேர்த்துப் பார்க்க வேண்டியது. உடம்பை உதறவைக்கும் நோய்க்கு அந்தப் பெயர் நிலைத்துவிட்டது. அப்புறம், 'கண்கள் பனித்தன' என்று நாம் இன்றும் எழுதுகிறோமே, அதில் பனி ஈரமாக, கண்ணீராக நிற்கிறது. திருப்பாவையில் ஆண்டாள் 'பனித்தலை வீழ' என்கிறபோது, தோழியின் வாசலில் நிற்கிற பெண்களின் தலையில் மார்கழிப் பனி விழுகிறது. இந்தச் சொல்லாட்சியை மனத்தில் வையுங்கள். தமிழர் பனி 'விழுகிறது', 'பெய்கிறது' என்றே சொல்லிப் பழகியவர்கள். இரவில் இலையிலும் கூரையிலும் படியும் ஈரம் மேலிருந்து விழுவதாகவே பார்த்தார்கள். மார்கழி, தை முன்பனிக்காலம். மாசி, பங்குனி பின்பனிக்காலம். தமிழ்நாட்டின் கடலோரச் சமவெளியில் வெண்பனி கொட்ட வாய்ப்பே இல்லாததால், இத்தனை காலமும் ஒரு சொல் போதுமானதாக இருந்தது.

நம் அண்டை மொழிகள் இதற்கு மஞ்சு என்ற சொல்லை வைத்திருக்கின்றன. கன்னடத்தில் மஞ்சு, தெலுங்கில் மஞ்சு, மலையாளத்தில் மஞ்ஞு. தமிழிலும் மஞ்சு உண்டு. மேகத்துக்கும் மூடுபனிக்கும் இலக்கியத்தில் வரும். அழகான சொல்தான். ஆனால் பேச்சில் அதைப் பெண்பெயராக மட்டுமே கேட்கிறோம். எச்சரிக்கையில் 'நாளை மஞ்சு' என்று எழுதினால் யாருக்கும் விளங்காது. கவிதைக்கு இருக்கட்டும்.

மூடுபனி என்ற சொல்லின் கட்டுமானத்தைப் பாருங்கள். அது வினைத்தொகை. மூடிய பனி, மூடுகின்ற பனி, மூடும் பனி என்று மூன்று காலத்துக்கும் விரியும். மற்றப் பனிகள் எதுவும் செய்யாத ஒன்றை இந்தப் பனி செய்கிறது: மூடுகிறது. ஆபத்து எதுவோ அதையே பெயராக வைத்துக்கொண்டிருக்கிறது. பனிமூட்டம் என்பதும் அதே வினையிலிருந்து வந்ததுதான். ஓடு, ஓட்டம் ஆவதுபோலவும் ஆடு, ஆட்டம் ஆவதுபோலவும் மூடு, மூட்டம் ஆனது. மேகமூட்டம், புகைமூட்டம் என்ற வரிசையில் அதுவும் ஒன்று. மூடுபனி பொருளின் பெயர், பனிமூட்டம் அந்தப் பொருளால் ஏற்படும் நிலையின் பெயர்.

இந்த இரண்டையும் பலர் மாற்றி மாற்றி எழுதுகிறார்கள். சில அகராதிகளும் ஃபாக், மிஸ்ட் இரண்டுக்கும் மூடுபனி என்றே போட்டுவிடுகின்றன. நான் அப்படி விடமாட்டேன். தமிழ் வானிலை அறிக்கைகளில் 'அதிகாலையில் லேசான பனிமூட்டம் காணப்படும்' என்ற தொடர் ஏற்கெனவே நன்றாக வேரூன்றிவிட்டது. அது பெரும்பாலும் மிஸ்ட்டைத்தான் சொல்கிறது. சரி, அதையே வரையறையாக எடுத்துக்கொள்ளலாம். 1 கிலோமீட்டருக்குக் கீழே பார்வை இறங்கினால் மூடுபனி, அதற்கு மேலே தெரிந்தால் பனிமூட்டம். புதிதாக எதையும் உருவாக்கத் தேவையில்லை.

வெதுவெதுப்பான கடற்கரைகளுக்கு இந்தப் பிரிவு ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், அங்கே குளிர்காலத்தின் அன்றாட ஆபத்து குளிரைவிட மூடுபனிதான். அதிலும் இரண்டு வகை வருகிறது, இரண்டும் வேறு வேறு மாதிரி நடந்துகொள்கின்றன.

ஒன்று தரையில் பிறப்பது. வானம் தெளிந்திருக்கும், காற்று அசையாது, இரவு நீளமாக இருக்கும், மண்ணில் ஈரம் இருக்கும். தரை தன் வெப்பத்தை வானத்துக்கு விட்டுக் குளிர்கிறது. அதை ஒட்டிய காற்று பனிநிலைக்கு, அதாவது நீராவி துளியாகத் தொடங்கும் வெப்பநிலைக்கு, இறங்கியதும் துளிகள் பிறக்கின்றன. முதலில் பள்ளத்திலும் வயல்வெளியிலும் முழங்கால் உயரத்துக்குப் படியும், விடியலுக்குள் தடித்துவிடும். சூரியன் வந்தால் கலைந்துவிடும் என்று நினைத்து அந்த நேரத்தில் கிளம்புகிறவர்கள் உண்டு. உண்மையில் சூரியன் எழுந்த முதல் சில நிமிடங்களில் அது இன்னும் அடர்வதும் உண்டு. லேசான வெயில் காற்றைக் கலக்கிவிட்டு, தரையோடு கிடந்ததை மேலே பரப்பிவிடும். நன்றாக ஏறிய வெயில்தான் அதைக் கரைக்கும். இதைக் கதிர்வீச்சு மூடுபனி என்பார்கள்.

இன்னொன்று கடலில் பிறந்து கரையேறுவது. மெக்சிகோ வளைகுடாவின் வட கரையில் இது தெளிவாகத் தெரியும். வடக்கிலிருந்து குளிர்காற்று இரண்டு மூன்று முறை வீசிப்போனபின், கரையோர ஆழமற்ற நீரும் விரிகுடாக்களும் ஆற்று முகத்துவாரமும் நன்றாகக் குளிர்ந்துவிடுகின்றன. பிறகு காற்று திசைமாறித் தெற்கிலிருந்து வீசும். நடுக்கடலின் சூடான, ஈரம் நிறைந்த காற்று அந்தக் குளிர்ந்த நீரின்மேல் தவழ்ந்து வரும்போது மூடுபனி ஆகிறது. இது இரவு பகல் பார்க்காது. ஓரளவு காற்று அடித்தாலும் கலையாது, அந்தக் காற்றுதானே அதைக் கொண்டுவருகிறது! நாள்கணக்கில் நிற்கும். ஹூஸ்டன் கப்பல் கால்வாயில் இப்படிப்பட்ட நாள்களில் கப்பல் போக்குவரத்தையே நிறுத்திவைக்கிறார்கள். இதற்குக் கடல் மூடுபனி என்பதே நல்ல பெயர். 'வெப்பச்சலனம்' போன்ற பாடநூல் சொற்களை இதன் தலையில் கட்ட வேண்டாம். எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால் எப்போது போகும் என்பதும் தெரிந்துவிடும்.

காரில் போகிறவருக்கு ஒரு கணக்கு. மணிக்கு 80 கி.மீ. வேகம் என்றால் நொடிக்கு 22 மீட்டர். ஆபத்தைக் கண்டு பிரேக்கை மிதிக்க ஒன்றரை நொடி ஆனாலே 33 மீட்டர் போய்விடும். அதன்பின் நல்ல உலர்ந்த சாலையில் நிற்க இன்னொரு 35 மீட்டராவது வேண்டும். 50 மீட்டர்தான் தெரிகிற மூடுபனியில் இந்த வேகத்தில் போகிறவர், முன்னால் நிற்கும் வண்டியைப் பார்த்தாலும் மோதுவார். ஹை பீம் போட்டால் இன்னும் மோசம். துளிகள் அந்த ஒளியைத் திருப்பி நம் கண்ணிலேயே அடிக்கும், முன்னால் வெள்ளைச் சுவர் எழுந்த மாதிரி ஆகிவிடும். விளக்கைத் தாழ்த்திப் போடுவதும், வேகத்தைப் பாதியளவுக்கும் கீழே இறக்குவதும்தான் வழி. ஓடும் சாலையில் அப்படியே நிறுத்திவிடுவது பின்னால் வருகிறவருக்கு மரணப்பொறி. முழுவதும் சாலையை விட்டு விலகித்தான் நிறுத்த வேண்டும்.

புகை சேர்ந்தால் நிலைமை வேறு கட்டத்துக்குப் போகிறது. 2023 அக்டோபர் 23-ஆம் தேதி, லூசியானாவில் நியூ ஆர்லியன்ஸுக்கு அருகே நெடுஞ்சாலையில் 150-க்கும் மேற்பட்ட வாகனங்கள் அடுத்தடுத்து மோதின, பல உயிர்கள் போயின. சதுப்புநிலத்தில் கனன்றுகொண்டிருந்த தீயின் புகையும் மூடுபனியும் கலந்திருந்தன. ஈரமான செடிகொடிகள் கனலும்போது புகையோடு நீராவியும் துகள்களும் கிளம்பி, துளிகள் பிறக்க ஏராளமான இடம் கொடுக்கின்றன. பார்வை 3 மீட்டருக்கும் கீழே போய்விடும். இதை அங்கே சூப்பர் ஃபாக் என்கிறார்கள். தமிழில் கடும் மூடுபனி என்றோ புகை மூடுபனி என்றோ சொல்லலாம். எனக்குப் பின்னதுதான் சரியாகப் படுகிறது, காரணத்தையும் சொல்லிவிடுகிறதே.

ஸ்மாக் என்பது இதிலிருந்து வேறு. 1905-இல் லண்டனில் டே வோ என்ற மருத்துவர், புகையையும் மூடுபனியையும் குறிக்கும் இரண்டு ஆங்கிலச் சொற்களை ஒட்டவைத்துப் பரப்பியது அது. நிலக்கரிப் புகையால் வந்த நகரத்து நோய் அது. 1952 டிசம்பரில் ஐந்து நாள் நீடித்த ஸ்மாக்கால் அந்நகரத்தில் ஆயிரக்கணக்கானோர் இறந்தனர். நச்சுப்புகை கலந்தது என்று தெரிய, பனிப்புகை என்ற ஆட்சி இதற்கு ஏற்கெனவே இருக்கிறது. ஈரமே இல்லாமல் தூசியால் மங்கலாக இருந்தால் அது ஹேஸ். அங்கே பனி என்ற சொல்லே வரக்கூடாது, தூசுமூட்டம் போதும்.

மற்றவை சுலபம். இலையில் முத்துப்போல் நிற்பது பனித்துளி. காற்றின் ஈரம் துளியாகாமல் நேரே பனிக்கட்டியாகப் படிந்து புல்லை வெள்ளையாக்கினால் உறைபனி. வானிலிருந்து வெண்துகள்களாக விழுவது பனிப்பொழிவு அல்லது வெண்பனி. வெள்ளை, பொழிவு என்று ஏதாவது ஒன்று கூடவே வந்தால் குழப்பம் தீர்ந்தது.

ஃபாக் ஒட்டிய கூட்டுச்சொற்களுக்கும் இதே வழிதான். வண்டியின் ஃபாக் லைட், மூடுபனி விளக்கு. கப்பலின் ஃபாக் ஹார்ன், மூடுபனிச் சங்கு. ஆலைச் சங்கு என்று சொல்லிப் பழகிய நமக்கு இது உடனே விளங்கும். கடல்விதிப்படி, பார்வை குறைந்த நீரில் நகரும் இயந்திரக் கப்பல் 2 நிமிடத்துக்குள் ஒருமுறையாவது 4 முதல் 6 நொடி நீளும் ஓர் ஊதலை எழுப்ப வேண்டும். நங்கூரமிட்டு நிற்பது என்றால் நிமிடத்துக்கு ஒருமுறை 5 நொடி போல மணியை வேகமாக அடிக்க வேண்டும். கொசுவுக்கு அடிக்கும் ஃபாகிங் மட்டும் இந்தக் குடும்பத்தில் சேராது. அது மருந்துப்புகை, அங்கே புகையடித்தல் என்று மக்கள் சொல்வதையே எழுதலாம்.