கொட்டை எழுத்து

கணினியில் 'போல்டு', 'ரவுண்டட்', 'டிஸ்ப்ளே' என்ற மூன்று அடைமொழிகளோடு வரும் ஃபாண்டைத் 'தடித்த வட்டமான காட்சி எழுத்துரு' என்று சொல்லுக்குச் சொல் பெயர்க்கிறார்கள். இத்தனை நீளம் தேவையில்லை. 'கொட்டை எழுத்து' என்ற வழக்கு நம்மிடம் முன்பே இருக்கிறது. "பத்திரிகையில் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள்" என்னும்போது பெரியது, தடித்தது, எட்ட நின்றாலும் கண்ணில் படுவது என்ற மூன்றையும் ஒருசேரச் சொல்லிவிடுகிறோம். புளியங்கொட்டை, பலாக்கொட்டை, கொட்டைப்பாக்கு ஆகியவற்றை எண்ணிப் பார்த்தால், கூர்முனை இல்லாமல் உருண்டு திரண்ட வடிவமும் அச்சொல்லுக்குள் அடங்குவது விளங்கும்.

'ஃபாண்ட்' என்பது உருக்கி வார்ப்பதைக் குறிக்கும் பிரெஞ்சுச் சொல்லின் வழி வந்தது. ஒரே அளவில் வார்த்தெடுத்த ஈயக்கலவை எழுத்துகளின் தொகுதியே முதலில் அப்பெயர் பெற்றது. சுவாமிமலையில் சிலை வார்ப்பதைப் பார்த்தவர்களுக்கு இப்பொருள் எளிதில் பிடிபடும். காவிரியின் கடைமடையான தரங்கம்பாடிக்கு, ஜெர்மனியின் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. அவை மிகப் பெரியவையாக இருந்து தாளை விழுங்கியதால், கிறித்தவ சமயப் பணிக்காக வந்திருந்த ஜெர்மானியர் சீகன்பால்குவின் குழுவினர் சிறிய எழுத்துகளை அங்கேயே வார்த்துக்கொண்டு, 1715இல் புதிய ஏற்பாட்டை அச்சிட்டு முடித்தார்கள். பக்கம் பக்கமாகப் படிப்பதற்குப் பெரிய எழுத்து ஆகாது என்பது அன்றே தெரிந்துவிட்டது. இன்று ஈயமும் இல்லை, வார்ப்பும் இல்லை. ஆகவே வடிவத்தை மட்டும் சுட்டும் 'எழுத்துரு' மிகப் பொருத்தமான சொல்லாகும். 'டிஸ்ப்ளே' என்பதற்குக் 'காட்சி' என்பதைவிட, கடைக்கும் நூலுக்கும் பொதுவான 'முகப்பு' என்பதே எனக்குச் சரியாகப் படுகிறது.

உரோமன் எழுத்தில் இவ்வகைக்குப் பெயர்பெற்றது, சிகாகோவில் ஆஸ்வால்டு கூப்பர் வரைந்து 1922இல் வெளிவந்த கூப்பர் பிளாக். தமிழுக்கு மும்பையின் ஏக் டைப் என்ற எழுத்துரு வடிவமைப்புக் குழு உருவாக்கிய 'பலூ தம்பி' உண்டு. அதன் மலையாள வடிவத்துக்கு அண்ணன் என்று பொருள்படும் 'சேட்டன்' என்று பெயரிட்டு, பல மொழி வடிவங்களையும் உடன்பிறப்புகளாக்கிய முறை மனத்துக்கு இதமானது.

தமிழ் எழுத்தைக் கொட்டையாக்குவது எளிதன்று. 'கும்பகோணம்' என்று பலகையில் எழுதும்போது கோட்டை ஒரே சீராகத் தடிக்க வைத்தால் மூன்றுசுழி ணகரத்தின் சுழிகள் அடைபட்டு, தொலைவிலிருந்து பார்ப்பவருக்கு அது றன்னகரமாக (ன) தோன்றும். ஆகவே வெளிக்கோடு பருமனாகவும் சுழியின் உட்கோடு சற்று மெலிந்தும் இருக்க, எழுத்து அகலமாக வேண்டும். ஓலைச்சுவடிகளில் பெரும்பாலும் விடப்பட்ட புள்ளியோ, இங்கே நல்ல பருமனோடு தலைக்கோட்டை ஒட்டாமல் நிற்க வேண்டும்.

இவற்றைவிடக் கடினமான சொல் 'தாராசுரம்'. அதில் கால், ரகரம், மீண்டும் கால் என்று ஏறக்குறைய ஒரே வடிவம் மூன்று முறை அடுத்தடுத்து நிற்கிறது. ரகரத்தைக் காலிலிருந்து பிரித்துக் காட்டுவது அடியில் சாய்ந்திறங்கும் சிறு கீற்று மட்டுமே. முனைகளை உருட்டும்போது அது கரைந்துபோகிறது. அதனால் நல்ல வடிவமைப்பாளர் அக்கீற்றை வேண்டுமென்றே நீட்டி இறக்குகிறார். ஓடிவரும் பேருந்தின் நெற்றிப் பலகையை நிறுத்தத்தில் நின்று படிக்கிற மூதாட்டிக்கு அந்த நீட்டல்தான் ஊரைக் காட்டுகிறது.