வகுப்பு இல்லாத மாதத்தில் டீச்சருக்கு என்ன வழி?

சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு ஹட்டனில் என் அலுவலகத்துக்கு ஒரு டீச்சர் வந்தார். தோட்டத்துப் பெரியவர்களுக்கு எழுத்தும் கணக்கும் சொல்லிக் கொடுப்பவர். நான்கு வருடத்து நியமனக் கடிதங்களை ஒரு ஷொப்பிங் பேக்கில் கொண்டுவந்திருந்தார். மொத்தம் 12. ஜனவரி முதல் மார்ச், மே முதல் ஜூலை, செப்டெம்பர் முதல் நவம்பர் என்று தவணைக்கு ஒன்று. ஏப்ரல், ஆகஸ்ட், டிசம்பர் எந்தக் கடிதத்திலும் இல்லை. காதில் தோடும் இல்லை; அது அடகுக் கடையில்.

"சேர், லீவு மாசத்துக்குச் சம்பளம் கேக்கலாமா?"

கடிதத்தில் இல்லாத மாதத்துக்குச் சம்பளம் வாங்குவது கஷ்டம். வேலையில்லாத காலத்துக்குப் பணம் தரும் காப்புறுதித் திட்டமும் இலங்கையில் இல்லை. லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், வளர்ந்தவர்களுக்கு இது பழகிய கணக்குத்தான்: மலைக்கு வேலைக்குப் போனால் 'பேர்', அதாவது அன்றைய நாள் கூலி, போகாவிட்டால் இல்லை. படித்து டீச்சரான பிறகும் அந்தப் பேர் போடும் அதே செக்ரோல் பதிவேடுதான். பெயர் மட்டும் 'விசிட்டிங்'.

ஆனால் அவர் கேட்காத விஷயத்தில்தான் காசு இருந்தது. ஊழியர் சேமலாப நிதி கட்டுகிறார்களா என்றேன். "நாங்க நிரந்தரம் இல்லையே சேர்" என்றார். இந்த ஒரு வரியை மலையகத்தில் எத்தனை பேர் வாயில் கேட்டுவிட்டேன்! 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் தற்காலிக ஊழியர்களையும், தேவைக்கு மட்டும் கூப்பிடும் அமைய ஊழியர்களையும் சேர்த்தே பேசுகிறது. தொழிலாளி 8 வீதம், முதலாளி 12 வீதம். அதற்கு மேல் ஊழியர் நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு முதலாளி 3 வீதம். மாதம் 40,000 ரூபாய் வாங்குபவருக்குச் சேமலாப நிதியில் மட்டும் 8,000 சேர வேண்டும். வருடத்தில் 9 மாதமே வேலை என்றாலும் 72,000. நான்கு வருடத்துக்குப் பெருக்கிப் பார்த்ததும் டீச்சர் தண்ணீர் கேட்டார்.

எல்லா விசிட்டிங் ஆசிரியரும் ஊழியர் ஆகிவிட மாட்டார். தன் நேரத்தைத் தானே வைத்துக்கொண்டு நாலு இடத்தில் வகுப்பு எடுப்பவரின் நிலை வேறு. நேரம், பாடம், மேற்பார்வை எல்லாம் நிறுவனத்தின் கையில் இருந்தால், கடிதத்தில் என்ன பெயர் போட்டிருந்தாலும் நடைமுறையைத்தான் பார்ப்பார்கள்.

அடுத்தது பணிக்கொடை, வேலையை விட்டுப் போகும்போது கிடைக்கும் தொகை. 15 பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடச் சேவை முடிந்தால், மாதச் சம்பளக்காரருக்கு வருடத்துக்கு அரை மாதச் சம்பளம் என்கிறது 1983ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கச் சட்டம். தவணைக்கொரு கடிதம் கொடுப்பது இந்த ஐந்து வருடத்தை உடைக்கத்தானோ என்று எனக்கு எப்போதும் சந்தேகம். தன் தவறில்லாமல் வேலை நின்ற காலத்தால் சேவை அறுந்ததாக ஆகாது என்று நாம் வாதாட இடமுண்டு. 'என் சொந்த விருப்பத்தின் பேரில் விலகுகிறேன்' என்ற தாளில் கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்த வாதம் நொண்டியாகிவிடும். விடுமுறைக்கு முதல் நாள், வீட்டுக்குப் போகும் அவசரத்தில்தான் அந்தத் தாளை நீட்டுவார்கள். வாசிக்காமல் போடாதீர்கள்.

புதுக் கடிதம் வாங்கும்போதே பேச வேண்டியதும் ஒன்று உண்டு. 9 மாதச் சம்பளத்தை 12 ஆகப் பிரித்துத் தரும்படி கேளுங்கள். 40,000 வீதம் 9 மாதம் என்றால் 360,000. பிரித்தால் மாதம் 30,000. கூடுதலாக ஒரு சதமும் வராதுதான். ஆனால் டிசம்பரில் பிள்ளைக்குச் சப்பாத்தும் கொப்பியும் வாங்க வட்டிக்கு ஓட வேண்டாம். நிறுவனத்துக்கும் இதில் நட்டமில்லை.

பேசி முடித்து எழும்பும்போது, ஏப்ரலில் என்ன செய்தீர்கள் என்று சும்மா கேட்டேன். லயம் லயமாக ஏறி இறங்கி மே மாத வகுப்புக்கு ஆள் சேர்த்தாராம். "அது வேலை இல்லையே சேர், சும்மா போய்ப் பேசுறதுதானே." யார் போகச் சொன்னது? போனைத் திறந்து காட்டினார்: 25ஆம் திகதிக்குள் இருபது பேரின் பெயர் வேண்டும் என்று பொறுப்பாளரின் குரல் பதிவு. ஒவ்வொரு விடுமுறையிலும் அப்படி ஒன்று இருந்தது.

அவற்றையும் 12 கடிதங்களையும் வரவுப் புத்தகத்தின் படங்களையும் சேர்த்துத் தொழில் அலுவலகத்தில் முறைப்பாடு கொடுத்திருக்கிறோம்.